டட்சன் 240 இசட் வாங்கினால் பானெட்டைத் திறப்பதற்கு முன் கார்ப்பெட்டைத் தூக்குங்கள்

பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் பார்க்கப் போகிற எல்லோரும் முதலில் பானெட்டைத்தான் திறக்கிறோம். நானும் அதைத்தான் செய்தேன். 1972 மாடல் டட்சன் 240 இசட், ஆரஞ்சு நிறம், ஒரு வீட்டுக் கொட்டகையில் பதினோரு வருஷம் நின்றிருந்தது. வேறு பேட்டரி வைத்துச் சாவியைத் திருப்பினால் இன்ஜின் தாராளமாகச் சுற்றியது, எண்ணெய் சுத்தமாக இருந்தது, சரி, அதிர்ஷ்டம்தான் என்று பணத்தைக் கொடுத்துவிட்டு டிரக்கில் ஏற்றி வந்தேன். அன்றைக்கு ராத்திரி டிரைவர் சீட்டுக்குக் கீழே கார்ப்பெட்டைத் தூக்கினால், வண்டியின் தரை வழியாக என் கேரேஜின் தரை தெரிந்தது.

இந்த வண்டியில் இன்ஜின் சாவது அபூர்வம். தகரம்தான் சாகும். ஆறு சிலிண்டர் எல்24 இன்ஜினை எத்தனை வருஷம் கிடப்பில் போட்டாலும் எழுப்பிவிடலாம். துரு தின்ற பாடியை எழுப்ப மாதக்கணக்கில் வெல்டிங் வேண்டும். அதனால் வேலையின் வரிசை முதலில் தகரம், அடுத்து பிரேக்கும் பெட்ரோல் டாங்கும், அப்புறம் இன்ஜின், வயரிங், எல்லாவற்றுக்கும் கடைசியில் பெயின்ட். பாதிப் பேர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, பளபளக்கும் பெயின்டின் கீழே துரு கொப்புளிப்பதைப் பார்த்து வண்டியை விற்றுவிடுகிறார்கள். அந்த வண்டியைத்தான் அடுத்த ஆள் ஏமாந்து வாங்குகிறார்.

தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். 1969 அக்டோபரில் நிஸான் வெளியிட்ட கார் இது. ஜப்பானில் ஃபேர்லேடி இசட், வெளிநாடுகளில் டட்சன் 240 இசட். அமெரிக்காவில் ஆரம்ப விலை 3,526 டாலர், அந்தக் காசுக்கு 2,393 சிசி இன்ஜின், நாலு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன், முன்னால் டிஸ்க் பிரேக் என்பது அன்றைக்கு ஐரோப்பியக் கம்பெனிகளுக்குத் தலைவலி. ஆப்பிரிக்க மண் ரோட்டில் நடக்கும் கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலியை 1971இலும் 1973இலும் ஜெயித்தது, இரண்டாவது முறை ஓட்டியவர் சேகர் மேத்தா. 1974இல் 260 இசட் வந்தது, 1975 முதல் 1978 வரை அமெரிக்காவில் விற்றது பெட்ரோல் இன்ஜெக்ஷன் வைத்த 280 இசட். நான் இருக்கும் கலிஃபோர்னியாவில் 1975 மாடல் வரைக்கும் புகை டெஸ்ட் கிடையாது, 1976இலிருந்து உண்டு. இன்ஜினை மாற்றிக் குடைய ஆசை இருக்கிறவர்கள் இந்த ஒரு வருஷ வித்தியாசத்தை வாங்கும்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

வாங்கும் முன் எங்கே குத்திப் பார்ப்பது

ஒரு ஃபிரிட்ஜ் காந்தம், ஒரு டார்ச், ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவர், குப்புறப் படுக்க ஒரு அட்டை. இவ்வளவு போதும். காந்தத்தை ஒரு மெல்லிய துணியில் சுற்றித் தகரத்தின் மேல் நகர்த்திக்கொண்டே போங்கள், ஒட்டாத இடத்தில் தகரத்துக்குப் பதில் பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பி மறைக்கும் பூச்சு, இருக்கிறது.

முதல் இடம் பேட்டரித் தட்டு. பேட்டரியிலிருந்து வழியும் ஆசிட் தட்டைத் தின்றுவிட்டு, அதன் கீழே இருக்கும் சட்டத்தில் இறங்கி, இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கும் தகரச் சுவரைத் தின்று, அந்தப் பக்கத்துக் கால் வைக்கும் தரை வரைக்கும் போகும். தட்டு மட்டும் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

அடுத்தது வைப்பருக்குக் கீழே இருக்கும் பள்ளம். அங்கே விழும் இலை, தழை மக்கித் தண்ணீர் போகும் ஓட்டையை அடைத்துவிடும், தண்ணீர் உள்பக்கமாக இறங்கும். ஒரு குவளைத் தண்ணீரை அங்கே ஊற்றி, முன் மட்கார்டின் பின்பக்கம் வழியாகக் கீழே வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் எங்கேயோ தேங்கியிருக்கிறது, தேங்கிய இடத்தில் துரு உண்டு. முன் மட்கார்டின் அடிப்பகுதி, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பகுதி, பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால் வளைந்து இறங்கும் மூலை, ஸ்டெப்னி உட்காரும் குழி, டிக்கிக் கதவு வந்து உட்காரும் விளிம்பு, எல்லாவற்றையும் குத்திப் பாருங்கள். கூச்சப்படாதீர்கள். விற்பவர் முகத்தைச் சுளித்தால் அதுவே ஒரு பதில்.

அப்புறம் வண்டிக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் இரண்டு அடிச்சட்டங்கள். தகரத்தை மடித்துச் செய்த பெட்டிதான் அவை. நாற்பது ஐம்பது வருஷமாக ஒவ்வொரு டயர்க் கடைக்காரரும் அதில் ஜாக்கை வைத்துத் தூக்கி நசுக்கியிருப்பார். நசுங்கல் பரவாயில்லை, நசுங்கிய இடத்தில் ஓட்டை விழுந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. நீங்கள் தூக்கும்போது முன்னால் குறுக்குச் சட்டத்தின் நடுவிலும் பின்னால் டிஃபரென்ஷியலிலும் (பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்து அனுப்பும் பல்சக்கரப் பெட்டி) ஜாக் வையுங்கள், தூக்கியவுடன் ஸ்டாண்டு போடாமல் அடியில் நுழையாதீர்கள்.

நம்பரையும் பார்த்துவிடுங்கள். அமெரிக்காவுக்கு வந்த வண்டிகளின் சேசிஸ் நம்பர் எச்எல்எஸ்30 என்று ஆரம்பிக்கும், பானெட்டைத் திறந்தால் தகரச் சுவரில் குத்தியிருக்கும். டாஷ்போர்டில் இருக்கும் நம்பரும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். இன்ஜின் பக்கத்தில் ஒரு தகட்டில் இன்ஜின் நம்பரும் இருக்கும், அதையும் பிளாக்கில் குத்தியிருப்பதையும் ஒப்பிடுங்கள். இன்ஜின் மாறியிருந்தால் ஓட்டுவதற்கு ஒன்றும் குறை இல்லை, விலையில்தான் பேச வேண்டும்.

தகர வேலை

யூடியூபில் பார்த்துவிட்டு முழு வண்டியையும் ஒரே வாரத்தில் கழற்றிப் போடாதீர்கள். கழற்றுவது சுலபம், ஆறு மாசம் கழித்து எந்த போல்ட் எங்கே என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பது கொடுமை. ஒரு பகுதியைக் கழற்று, முடி, அடுத்ததற்குப் போ. ஒவ்வொரு ஸ்க்ரூவையும் ஜிப் பையில் போட்டு மேலே எழுதுங்கள், கழற்றுவதற்கு முன் மூன்று கோணத்தில் ஃபோட்டோ எடுங்கள். ஒரே கோணத்து ஃபோட்டோ எப்போதும் உங்களுக்கு வேண்டிய கிளிப்பை மட்டும் மறைத்திருக்கும்.

உள்ளே தரையில் சத்தத்தைத் தடுக்கத் தார் ஷீட் ஒட்டியிருப்பார்கள். அதைச் சுரண்டினால் முதுகு போய்விடும். உலர் பனிக்கட்டி வாங்கி உடைத்து மேலே பரப்பி, பத்து நிமிஷம் விட்டுச் சுத்தியலால் தட்டினால் கண்ணாடி மாதிரி நொறுங்கி வரும். கையுறை கட்டாயம். கேரேஜ் கதவு திறந்திருக்க வேண்டும், ஏனென்றால் அது உருகாது, அப்படியே கரியமில வாயுவாகி அடியில் தேங்கும்.

தார் போனதும் உண்மை தெரியும். துருப்பிடித்த இடத்தை நல்ல தகரம் வரும் வரைக்கும் வெட்டி எடுத்துவிட்டுத்தான் புதுத் தகரம் வைக்க வேண்டும். துருவின் மேலேயே தகட்டை ரிவிட் அடித்து நிறுத்துவது, ஃபைபர் ஒட்டுவது எல்லாம் அடுத்த ஆளுக்குச் செய்யும் துரோகம். தரைக்கும் அடிச்சட்டத்துக்கும் தயாராக அழுத்தி வார்த்த தகடுகள் கிடைக்கின்றன. ஆனால் கதவுக்குக் கீழே இருக்கும் பகுதியை வெட்டுவதற்கு முன் கதவுச் சட்டத்துக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வைத்துத் தற்காலிகமாக வெல்டு பண்ணிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வண்டி நடுவில் வளைந்து, வேலை முடிந்தபின் கதவு மூடாது. நான் கண்ணால் பார்த்த தவறு இது. நல்ல வேளை, என் வண்டியில் இல்லை.

என் வண்டியில் நடந்தது வேறு. பின் சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் மூலை எனக்கு வெல்டு பண்ண வராது என்று பக்கத்து ஊர் டிங்கர் கடை ஒன்றில் விட்டேன். அழகாக இருந்தது. இரண்டாவது மழைக்காலத்தில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது, சுரண்டினால் ஒரு விரல் கனத்துக்குப் பட்டி, உள்ளே பழைய துரு அப்படியே. அதிலிருந்து எந்தக் கடையில் விட்டாலும், பட்டி போடுவதற்கு முன் வெறும் தகரமாக ஒரு தடவை நேரில் வந்து பார்ப்பேன் என்று சொல்லித்தான் விடுகிறேன்.

வெல்டிங் முடிந்ததும் இணைப்புகளுக்கு சீலர், அதற்கு மேல் ப்ரைமர். மூடிய பெட்டிகளுக்குள் கை போகாது, அங்கே நீளக் குழாய் வைத்த ஸ்பிரேயால் மெழுகு அடியுங்கள். வெளியில் தெரியாத இந்த வேலைதான் அடுத்த இருபது வருஷத்தைத் தீர்மானிக்கிறது, அதனால்தான் யாரும் செய்வதில்லை. பெட்ரோல் டாங்கையும் குழாய்களையும் கழற்றி வெளியே வைக்காமல் பின்பக்கம் வெல்டிங் தொடங்காதீர்கள். காலி டாங்க் நிறைந்த டாங்கைவிட ஆபத்து, உள்ளே இருப்பது ஆவி.

பிரேக், பெட்ரோல்

ஓட வைப்பதற்கு முன் நிற்க வைக்கப் பழகுங்கள். நீண்ட நாள் நின்ற வண்டியில் பிரேக் ஆயில் ஈரத்தை இழுத்து, மாஸ்டர் சிலிண்டரையும் பின் சக்கரத்து வீல் சிலிண்டரையும் உள்ளேயே அரித்திருக்கும். ரப்பர் கிட் மாற்றிச் சமாளிக்க நினைக்காதீர்கள், சிலிண்டரே புதிதாகப் போடுங்கள். ரப்பர் ஹோஸ் வெளியே பார்க்க நன்றாக இருந்தாலும் உள்ளே ஊதி அடைத்திருக்கும். பிரேக்கை அழுத்தும்போது ஆயில் போகும், விட்டால் திரும்பாது, சக்கரம் பிடித்துக்கொண்டு சூடாகும். பலர் இதற்காகக் கேலிப்பரை (டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) மாற்றிவிட்டுக் குழம்புவார்கள்.

பின் டிரம்மைத் திறக்கும்போது தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத் துணியால் துடைத்துப் பையில் கட்டிப் போடுங்கள். பிரேக் ஆயில் ஒரு சொட்டு பெயின்டில் விழுந்தால் தோல் உரிகிற மாதிரி உரித்துவிடும், பக்கத்திலேயே தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் பக்கம், டாங்கை இறக்கியே ஆக வேண்டும். பத்து வருஷப் பெட்ரோல் வார்னிஷ் ஆகி அடியில் படிந்திருக்கும், அதன் வாசனை உங்கள் கையை விட்டு மூன்று நாளைக்குப் போகாது. துரு லேசாக இருந்தால் சிட்ரிக் ஆசிட் கரைசலை நிரப்பி ஊறவைத்து, அலசி, உடனே காயவைத்து, உடனே எண்ணெய் தடவுங்கள். "உடனே" என்று இரண்டு தடவை எழுதியதற்குக் காரணம், ஒரு ராத்திரி ஈரமாக விட்டால் புதுத் துரு பிடித்துவிடும். டாங்கிலிருந்து மேலே போகும் காற்று ஹோஸ்கள் பின்பக்கத்து உள்தட்டிக்குப் பின்னால் ஒளிந்திருக்கின்றன, அவை வெடித்திருந்தால் கேபினுக்குள் பெட்ரோல் வாடை அடிக்கும். டாங்க் கீழே இருக்கும்போதே மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் இதற்காகவே இன்னொரு தடவை இறக்குவீர்கள். இப்போது கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால், அதைத் தாங்கும் புது ஹோஸாகப் பார்த்து வாங்குங்கள்.

நின்ற இன்ஜினை எழுப்புவது

ஸ்டார்ட்டரைப் போடாதீர்கள். ஆறு பிளக்கையும் கழற்றி ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு ஓரிரு நாள் அப்படியே விடுங்கள். அப்புறம் கிராங்க் புல்லியின் பெரிய போல்டில் சாக்கெட் மாட்டிக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். எங்கேயாவது முட்டினால் பலம் காட்டாமல் நிறுத்தி, ஏன் என்று பாருங்கள். இரண்டு முழுச் சுற்று வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. எண்ணெயும் ஃபில்டரும் மாற்றி, பிளக் இல்லாமலேயே ஸ்டார்ட்டரால் சுற்றி எண்ணெய் அழுத்தம் வருகிறதா பார்த்து, கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கும் டெஸ்ட், எடுங்கள். ஆறும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கிறதா என்பதுதான் முக்கியம், தனித்தனி எண் அல்ல.

இந்த இன்ஜினில் நான் பயப்படுவது ஒரே ஒரு விஷயத்துக்கு, வால்வுகளைத் திறந்து மூட வைக்கும் தண்டான கேம்ஷாஃப்ட். வால்வைத் தள்ளும் ராக்கர் கேமின் மேல் உரசிக்கொண்டு ஓடும் அமைப்பு, எண்ணெய் ஒரு நிமிஷம் போகாவிட்டால் தேய்ந்துவிடும். கேமுக்கு மேலே ஒரு மெல்லிய குழாய் எண்ணெய் தெளிக்கும், அந்தக் குழாயின் ஓட்டைகள் அடைத்திருக்கலாம், இணைப்பு தளர்ந்து ஆடலாம். மேல் மூடியைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரால் சுற்றினால் ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் எண்ணெய் வருவது கண்ணுக்குத் தெரியும். சில கேம்களில் எண்ணெய் உள்ளுக்குள்ளேயே வரும், அதற்குக் குழாய் இருக்காது. எது எப்படியோ, துத்தநாகச் சேர்க்கை அதிகமுள்ள, பழைய கார்களுக்கென்றே வரும் 20டபிள்யூ-50 எண்ணெய் ஊற்றுங்கள். புதுக் கார்களுக்கு வரும் எண்ணெயில் அது குறைத்திருப்பார்கள்.

டேப்பட் செட்டிங், அதாவது வால்வு இடைவெளியைச் சரிசெய்வதைக் கற்றுக்கொள்ளுங்கள், இந்த இன்ஜினில் அதைப் போல நிம்மதியான வேலை கிடையாது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது உள்வால்வுக்கு 0.20 மி.மீ., எக்ஸாஸ்ட் வால்வுக்கு 0.25 மி.மீ. சூடாக இருந்தால் 0.25, 0.30. கேமின் மூக்கு மேலே பார்க்கும் நிலையில் கையால் சுற்றி நிறுத்தி, 17 ஸ்பேனரால் லாக் நட்டைத் தளர்த்தி, 14 ஸ்பேனரால் கீழே இருப்பதைத் திருப்பி, ஃபீலர் கேஜ் லேசாக இழுபடும் பதத்தில் பூட்டுங்கள். பூட்டும்போது அளவு மாறும், அதனால் பூட்டியபின் இன்னொரு தடவை நுழைத்துப் பாருங்கள். லேசாகச் சத்தம் போடும் டேப்பட் நல்லது, சத்தமே இல்லாத டேப்பட் வால்வை எரித்துக்கொண்டிருக்கலாம்.

சிலிண்டர் ஹெட்டைக் கழற்ற வேண்டி வந்தால் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். டைமிங் செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் ஸ்ப்ரிங்கில் இருக்கிறது, கேம் பல்சக்கரத்தைக் கழற்றிய நொடியில் செயின் தளர்ந்து டென்ஷனர் வெளியே குதித்துவிடும். குதித்தால் முன் மூடி, எண்ணெய்த் தொட்டி எல்லாம் கழற்றித்தான் திரும்ப உள்ளே தள்ள முடியும். அதனால் முதலில் ஒரு ஆப்பு வடிவக் கட்டையைச் சீவி, மேலிருந்து செயினின் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் இறக்கி அடித்து நிறுத்துங்கள். கட்டையின் மேல் முனையில் கயிறு கட்டி வையுங்கள், வெளியே எடுக்க வேண்டுமே.

நம்மூர்ப் பழக்கத்தில் ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம், நடுவில் தண்ணீர் இருந்தால் அலுமினியத்தைத்தான் அது தின்னும். கூலன்ட்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் பாதிப் பாதி.

கார்புரேட்டரைக் கடைசியில் தொடுங்கள்

வண்டி இருமுகிறது, திணறுகிறது என்றால் எல்லோரும் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைத் திருகுவார்கள். டேப்பட், பிளக், பாயிண்ட் (பிளக்குகளுக்கு மின்சாரம் பிரிக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் தொடுமுனை), டைமிங் (பொறி விழும் நேரம்) நாலும் சரியான பிறகுதான் அதைத் தொட வேண்டும். பாயிண்ட் இடைவெளி 0.45 முதல் 0.55 மி.மீ., சிலிண்டர்கள் பற்றும் வரிசை 1-5-3-6-2-4. டிஸ்ட்ரிபியூட்டர் எதிர்க் கடிகாரத் திசையில் சுற்றும், பிளக் வயர் மாட்டும்போது இதை மாற்றிப் போட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமையை வீணாக்கிய அனுபவம் எனக்கு உண்டு.

1970 முதல் 1972 வரை வந்தவை உருண்டைத் தலை ஹிட்டாச்சி கார்புரேட்டர்கள், இரண்டு. தங்கமானவை. 1973, 1974இல் வந்த தட்டைத் தலைக் கார்புரேட்டர்கள் புகைக் கட்டுப்பாட்டுக்காகச் சிக்கலாக்கப்பட்டவை, வெயிலில் பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றுவிடும் என்று பெயர் வாங்கியவை. அவற்றைக் கழற்றிவிட்டு உருண்டைத் தலை போட்டுக்கொள்வதே பலர் செய்வது, நானும் அதைத்தான் சொல்வேன்.

செட் பண்ணும் முறை பெரிய வித்தையல்ல. தலையில் இருக்கும் மூடியைத் திறந்து டேம்பர் எண்ணெய் இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது திணறும். 20 கிரேடு எண்ணெய் போதும். அடியில் இருக்கும் நாஸில் நட்டை முழுக்க மேலே ஏற்றிவிட்டு, இரண்டிலும் இரண்டரைச் சுற்று கீழே இறக்குங்கள், அது ஆரம்ப நிலை. வண்டியை நன்றாகச் சூடாக்கிவிட்டு, காற்று மானி வைத்து இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்கும்படி ஐட்லிங் ஸ்க்ரூவைத் திருப்புங்கள். மானி இல்லையா, ஒரு ரப்பர்க் குழாயைக் காதில் வைத்து மறுமுனையை ஒவ்வொரு வாயிலும் பிடித்து "உஸ்" சத்தத்தை ஒப்பிட்டாலும் வந்துவிடும்.

பிறகு ஒவ்வொரு கார்புரேட்டரின் அடியிலும் இருக்கும் சின்னப் பின்னை விரலால் தள்ளி, உள்ளே பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். தடுமாறி அணையப் பார்த்தால் குறைவு. லேசாகக் கூடி உடனே பழைய நிலைக்கு வந்தால் சரி. எவ்வளவு செய்தும் ஐட்லிங் நிலைக்கவில்லை என்றால் த்ராட்டில் தண்டு தேய்ந்து அந்த வழியாகக் காற்று போகிறது. அதற்கு புஷ் அடிக்க வேண்டும், ஸ்க்ரூவால் தீராது.

பாயிண்ட்டை விட்டு எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கு மாறுவது நல்ல காரியம்தான். ஆனால் 240 இசட்டின் ஆர்பிஎம் மீட்டர் காயிலுக்குப் போகும் மின்சாரத்தையே அளக்கிறது, வயரிங்கை மாற்றினால் முள் படுத்துவிடும். இன்ஜின் ஓடுகிறது, மீட்டர் மட்டும் செத்துவிட்டதே என்று பதறாதீர்கள், அந்த வயரைப் பாருங்கள்.

வயரிங்கில் ஒரு எச்சரிக்கை

இந்த வண்டியில் ஹெட்லைட், பார்க்கிங் லைட் இரண்டின் மின்சாரமும் ஸ்டீயரிங் பக்கத்து சுவிட்ச் வழியாக நேராகப் போகிறது, நடுவில் ரிலே கிடையாது. ஐம்பது வருஷத்தில் இணைப்புகள் கறுத்துச் சூடாகி, ஃபியூஸ் பெட்டியின் பிளாஸ்டிக் உருகும். உருகிய பெட்டியைப் பார்த்துவிட்டு பெரிய ஃபியூஸ் போடுகிறவர்கள் வண்டியைக் கொளுத்தத் தயாராகிறார்கள். சுவிட்சைத் திறந்து செம்பு முனைகளைத் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள், எர்த் இணைப்புகளை வெறும் தகரம் தெரியச் சுரண்டி இறுக்குங்கள், ஹெட்லைட்டுக்கும் பார்க்கிங் லைட்டுக்கும் ரிலே வைத்த தயார் வயரிங் வாங்கி மாட்டுங்கள். எதையும் வெட்டாமல் சாக்கெட்டில் செருகும்படி கிடைக்கிறது. வெளிச்சமும் கூடும்.

அந்தப் பின்சக்கரத்துத் தண்டு

பின் சஸ்பென்ஷனில் சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கையையும் ஸ்ட்ரட்டையும் (ஷாக் அப்சார்பர் உட்காரும் குழாய்) இணைக்கும் நீள இரும்புத் தண்டு ஒன்று உண்டு. இசட் வைத்திருக்கும் யாரிடமும் இதைப் பற்றிக் கேளுங்கள், முகம் மாறும். அது உள்ளே துருவோடு துருவாகி இறுகியிருக்கும். முதலில் நடுவில் அதைப் பூட்டியிருக்கும் சின்ன ஆப்பு போல்டைக் கழற்றியாயிற்றா என்று பாருங்கள், அதை மறந்துவிட்டு மணிக்கணக்கில் சுத்தியலால் அடிப்பவர்கள் உண்டு. துரு இளக்கும் ஸ்பிரேயை ஒரு வாரம் தினமும் இரண்டு முனையிலும் அடியுங்கள். அப்புறம் சூடு, அப்புறம் இதற்கென்றே செய்த இழுவைக் கருவி. மரையின் மேல் நேரடியாக அடித்தால் முனை காளான் மாதிரி விரிந்து எந்தப் பக்கமும் போகாது. எதுவும் நடக்கவில்லையா, ஸ்ட்ரட்டுக்கும் கைக்கும் நடுவில் இரண்டு பக்கமும் வாளால் அறுத்துவிடுங்கள், புதுத் தண்டு கிடைக்கிறது. நான் நாலு வாரம் போராடிவிட்டு அறுத்தேன். முதல் நாளே அறுத்திருக்கலாம்.

மாட்டும்போது தண்டுக்கு நல்ல கிரீஸ் தடவுங்கள், அடுத்த முறை கழற்றப்போவது நீங்களாகவே இருக்கலாம். புஷ், அதாவது இணைப்புகளில் இருக்கும் ரப்பர் வளையம் எல்லாம் மாற்றும்போது, அதைவிடக் கெட்டியான பாலியூரித்தேன் போடலாமா என்று கேட்பார்கள். மற்ற இடங்களில் உங்கள் இஷ்டம், சத்தம் போடும், கார் இறுக்கமாக இருக்கும். ஆனால் முன்னால் கீழ்க் கையிலிருந்து பின்னோக்கிப் போகும் தண்டில் மட்டும் ரப்பரே போடுங்கள், அங்கே அளவுக்கு மீறி இறுக்கினால் தண்டு வளைய இடமில்லாமல் உடையும். உடைந்தால் ஓடும்போதே உடையும்.

கியர் மாற்றும்போதோ ஆக்சிலரேட்டரை விடும்போதோ பின்னால் "டொக்" என்று கேட்டால் கியர்பாக்ஸைச் சந்தேகப்படாதீர்கள். டிஃபரென்ஷியலைப் பிடித்திருக்கும் முன் ரப்பர் கிழிந்திருக்கும், அல்லது சக்கரத்துக்குப் போகும் தண்டின் யூனிவர்சல் ஜாயின்ட் தேய்ந்திருக்கும்.

கேபினுக்குள் புகை

ஓட்டும்போது எக்ஸாஸ்ட் வாடை உள்ளே வருவது இந்த வண்டியின் பிறவிக் குணம். பின்பக்கத்தில் உண்டாகும் வெற்றிடம் புகையை டிக்கிக் கதவின் இடுக்கு வழியாக உள்ளே இழுக்கிறது. கண்ணாடியை இறக்கினால் இன்னும் மோசமாகும். கார்பன் மோனாக்சைடு என்பதால் இதை "பழைய கார் வாசனை" என்று ரசித்துக்கொண்டிருக்க வேண்டாம். டிக்கிக் கதவு ரப்பர், பின் விளக்குகளுக்குப் பின்னால் இருக்கும் ரப்பர், வயர் நுழையும் ஓட்டைகளின் ரப்பர், எல்லாவற்றையும் மாற்றுங்கள். ராத்திரியில் ஒருவர் உள்ளே டார்ச்சோடு படுத்துக்கொள்ள, இன்னொருவர் வெளியே நின்று வெளிச்சம் எங்கே கசிகிறது என்று பார்த்தால் எல்லா ஓட்டையும் அகப்படும். என் மனைவி உள்ளே படுத்தார், நான் வெளியே நின்றேன், பக்கத்து வீட்டுக்காரர் போலீஸைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று ஜன்னலில் நின்றார்.

பெயின்ட் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. பழைய நிறத்திலேயே அடியுங்கள். என்னுடையது 918 என்ற நிறக் குறியீட்டில் வந்த ஆரஞ்சு, அதை வெள்ளி நிறத்துக்கு மாற்று என்று சொன்னவர்கள் பேச்சைக் கேட்காதது நான் செய்த சில நல்ல காரியங்களில் ஒன்று. வெடித்த டாஷ்போர்டைப் பற்றியும் முதல் வருஷத்தில் கவலைப்படாதீர்கள், ஒரு துணியைப் போர்த்திவிட்டு ஓட்டுங்கள்.

ஓட ஆரம்பித்ததும் வாரத்துக்கு ஒரு தடவையாவது முழுச் சூடு ஏறும் வரைக்கும் ஓட்டுங்கள், ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி நிறுத்துவது ஓட்டாமல் இருப்பதைவிடக் கெடுதல். எண்ணெய் 3,000 மைலுக்கு ஒரு முறை, அது ஓடாவிட்டாலும் வருஷத்துக்கு ஒரு முறை. அதே நாளில் டேப்பட்டையும் பார்த்துவிடுங்கள். பிரேக் ஆயிலும் கூலன்ட்டும் இரண்டு வருஷம். கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4 எண்ணெய்தான், டிஃபரென்ஷியலுக்கு ஜிஎல்-5. இரண்டுக்கும் ஒரே டப்பா போதும் என்று வாங்கி ஊற்றாதீர்கள், கியர்பாக்ஸ் உள்ளே இருக்கும் பித்தளை வளையங்களுக்கு அது ஆகாது. டயரில் பட்டன் நன்றாக இருந்தாலும் பக்கவாட்டில் குத்தியிருக்கும் நாலு இலக்கத் தேதியைப் பாருங்கள், முதல் இரண்டு இலக்கம் டயர் செய்த வாரம், அடுத்த இரண்டு இலக்கம் செய்த வருஷம்.

ஊருக்குப் போகிறீர்கள், மூன்று மாதம் வண்டி நிற்கப்போகிறது என்றால், டாங்கை முழுக்க நிரப்பி, பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் ஊற்றிப் பத்து மைல் ஓட்டிவிட்டு வந்து நிறுத்துங்கள். பேட்டரியைக் கழற்றி வண்டிக்கு வெளியே வையுங்கள். கைப்பிரேக் போடாதீர்கள், ஷூ டிரம்மில் ஒட்டிக்கொள்ளும், சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். எக்ஸாஸ்ட் குழாயில் துணி அடையுங்கள், இல்லாவிட்டால் எலி வரும். அந்தத் துணியை எடுக்க வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதி ஸ்டீயரிங்கில் ஒட்டிவிட்டுப் போங்கள்.